கோதுமைத் தட்டில் இரண்டு எழுத்து

கிரேக்கர்களின் பழைய தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியரிடம் விழுந்ததன் நினைவு நாள். தெசலோனிக்கி சங்கத்தின் அஞ்சலிக் கூட்டத்துக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்த அனெஸ்திஸ் பாவ்லிதிஸ், மேசையைப் பார்த்ததும் மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"தெஸ்பினா! என்னடி இது?"

செத்தவர்களுக்காகத் தேவாலயத்தில் படைக்கிற அவித்த கோதுமை. மேலே சர்க்கரை பரப்பி, வெள்ளி மிட்டாயால் 'கோ. பா.' என்று எழுதியிருந்தது.

"கோன்ஸ்தாந்தினோஸ் பாலையொலோகோஸ்! நம்ம கடைசிச் சக்கரவர்த்திக்கே கோதுமை அவிச்சிட்டியா? அவர் சாகலடி! தேவதூதன் பளிங்குச் சிலையா மாத்தி ஒளிச்சு வெச்சிருக்கான். ஒருநாள் எழுந்து வருவார்!"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"எல்லாம் என் தம்பி சொல்லிக்கொடுத்ததா? 'ராஜா செத்து எத்தனையோ நூறு வருஷமாச்சு, திவசம் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்கய்யா'ன்னு சபை நடுவுல கேலி பண்ணான் அந்தப் பய! அன்னையிலேர்ந்து அவன் பேரை இந்த வீட்ல யாராவது எடுத்திருக்கோமா?"

"எடுக்கலை. எடுக்கக் கூடாதுன்னீங்க." தெஸ்பினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதனாலதான் மெல்போர்ன்லேர்ந்து போன் வந்தப்பவும் என்னால வாயைத் திறக்க முடியலை."

"என்ன போன்?"

"உயிர் போய் இன்னைக்கு மூணாம் நாள். அந்த எழுத்து ராஜாவோடது இல்லீங்க. கோஸ்மாஸ் பாவ்லிதிஸ். உங்க தம்பி."

அனெஸ்திஸ் அந்த இரண்டு எழுத்தையும் மறுபடி பார்த்தார்.

"சாகலடி," என்றார் மெதுவாக. "அவன் சாகலடி. ஒருநாள் வருவான்னுதானே இருந்தேன்..."