நாற்பது நட்சத்திரம்

பதினைந்தாவது கேள்வியைப் போடும் முன்பே, இனியனை ஆட்டத்திலிருந்து விலக்கும் அறிவிப்பை எழுதித் தயாராக வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. எங்கள் பக்கத்து ஆட்கள் கூடும் 'ஆத்தோரம்' இணைய மன்றத்தில், வாரா வாரம் அந்த நேரத்துக்கு டி.வி. நிகழ்ச்சி மாதிரியே வினாடி வினா நடத்துகிறேன். நான்கு விடை, அறுபது நொடி, நண்பரைக் கூப்பிடும் வசதி எல்லாம் உண்டு.

எமோஜி ஜோடனையில் குறை வைப்பதே இல்லை. கேள்விக்கு மேலே இருபது நட்சத்திரம், ஆறு மேளம், கேள்விக்குக் கீழே இன்னும் இருபது நட்சத்திரம், அதற்கும் கீழே விடைகள். திரையே கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். மஞ்சுளாக்கா போட்டால் தனி அழகு என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

நான்கு வருடத்தில் ஒருவரும் பதினைந்தைத் தொட்டதில்லை. ஜெயித்தால் அடுத்த வருடம் கேள்வி கேட்கும் நாற்காலி அவருக்கு. யாரும் ஜெயிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் நானே எழுதிய விதி அது.

சங்ககிரி இனியன் மூன்றே வாரத்தில் பதினான்கையும் முடித்துவிட்டார்.

ஓமலூர் யோகேஷ்தான் முதலில் கிளப்பினான். இந்த ஆள் இணையத்தில் தேடித்தான் பதில் போடுகிறார் என்று எனக்குத் தனியாக எழுதினான்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டாதீர்கள், தமிழ் எழுத்திலேயே போடுங்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டவர். அப்போதுதானே அப்படியே எடுத்துத் தேட முடியும்? பதில் எப்போதும் கடைசி நொடிகளில்தான் வரும். கேள்வியை மாற்றிக்கொள்ள இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டையும் படக் கேள்விக்கே செலவழித்தார். படத்தைத் தேடுவது கஷ்டமாயிற்றே.

நாற்காலி போவதுகூடப் பரவாயில்லை, ஏமாற்றிப் பறிப்பதுதான் பொறுக்கவில்லை என்று யோகேஷுக்குப் பதில் எழுதினேன். உண்மையில் இரண்டுமே பொறுக்கவில்லை.

அதனால் கடைசிக் கேள்விக்குப் படத்தைப் போட்டேன். நானே போனில் எடுத்தது. உலகம் பூராவும் தேடினாலும் அகப்படாது.

பள்ளிபாளையம் பாலமும் காவிரியும். இதை நான் எங்கே நின்று எடுத்தேன்? ஈரோட்டுக் கரையா, பள்ளிபாளையம் கரையா? அதிலும் பாலத்துக்கு ஆறு வருகிற பக்கமா, போகிற பக்கமா?

ஐம்பத்தாறு நொடி வரை ஒன்றுமில்லை. மாட்டினார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது நண்பரைக் கூப்பிட்டார். ஜலகண்டாபுரம் கயல்விழியை. அதற்குத் தனியாக ஒரு நிமிடம் உண்டு.

"பதில் வேண்டாம் அம்மிணி. பாலம் எந்தக் கைப்பக்கம் இருக்குது, தூண்ல தண்ணி மோதற பக்கம் தெரியுதா, உட்டுப் போற பக்கம் தெரியுதா, அத மட்டும் சொல்லு."

பாலம் வலது கைப்பக்கம், மோதுகிற பக்கம்தான் தெரிகிறது என்று கயல்விழி எழுதினாள்.

படம் எதிரிலேயே இருக்க, அடுத்தவளிடம் என்ன கேள்வி என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் பதில் விழுந்தது. ஈரோட்டுக் கரை, ஆறு வருகிற பக்கம்.

சரியான விடை.

காகிதம் எடுத்து வரைந்து பார்த்தேன். தண்ணீர் மோதுவது தெரிந்தால் நான் ஆறு வருகிற பக்கம் நிற்கிறேன். பாலம் வலது கைப்பக்கம் என்றால் ஆறு வலப்பக்கமாகப் போகிறது. அங்கே காவிரி போவது தெற்கே. அப்படியானால் என் முகம் கிழக்கே, நிற்பது மேற்குக் கரை. மேற்குக் கரை ஈரோடு. எனக்கு இதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று, இத்தனைக்கும் படம் எடுத்தவளே நான்.

அப்போதும் மனசு ஆறவில்லை. கயல்விழியைத் தனியாகப் பிடித்தேன். தன் எதிரே இருக்கிற படத்தை உன்னிடம் ஏன் கேட்டார் என்றேன்.

"ஏனுங்க்கா, அவருக்குக் கண்ணு தெரியாதுங்களே. போன் படிச்சுக் காட்டறதக் கேட்டுத்தான் ஆடறாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க."

முதல் வேலையாக அந்த அறிவிப்பை அழித்தேன்.

என் போனிலும் அந்த வசதி இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ் வரி ஒன்றை முதலில் படிக்க விட்டேன். என்ன பாஷை என்றே விளங்கவில்லை. பிறகு என் பதினான்காவது கேள்வியைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நட்சத்திரம் என்றது ஒரு பெண் குரல். நட்சத்திரம். நட்சத்திரம். அவசரமே இல்லாமல் இருபது தடவை சொல்லி முடித்தது. பிறகு மேளம், மேளம் என்று ஆறு தடவை. பிறகுதான் கேள்வி. அதன் பின் மறுபடியும் நட்சத்திரம், இன்னொரு இருபது.



நான்காவது விடையைக் குரல் படித்து முடித்தபோது ஐம்பத்திரண்டு நொடி ஆகியிருந்தது. பதினான்கு கேள்விக்கும் மனிதர் யோசித்துப் பதில் போட்டது மிச்சமிருந்த எட்டு நொடிக்குள்.

அந்த நட்சத்திரங்களை எடுத்துவிடுங்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.