பல் பிடுங்கிய கிருமி

“பல்லைப் பிடுங்கின கிருமிங்கறீங்க. பிடுங்கின பல்லு திரும்ப முளைக்காதுன்னு யார் எழுதிக் கொடுத்திருக்கா?”

கேட்டவர் மாட்டுக்கொட்டகை வாசலில், தலையில் தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நின்றார். பதில் சொல்ல வேண்டியவள் கால்நடை மருத்துவர். வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. தோளில் ஒரு குளிர்ப்பெட்டி. அதற்குள் இருபத்தைந்து மாடுகளுக்குப் போடக்கூடிய ஒரே ஒரு தடுப்பூசிக் குப்பி.

அவள் கையில் இருந்த பட்டியல்படி இந்தக் கொட்டகையில் பதினோரு மாடுகள், அடுத்த கொட்டகையில் பதினான்கு. கணக்கு, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியிருந்தது.

சாலையின் எதிர்வரிசைக் கொட்டகைகளில் ஏற்கெனவே மூன்று பசுக்களுக்குக் கரு கலைந்துவிட்டது. முதலில் மூக்கொழுகல், அப்புறம் காய்ச்சல், அப்புறம் அது. மாடுகளைப் பிடிக்கும் ஹெர்பிஸ் வைரஸின் வேலை. ஒரு தடவை உள்ளே நுழைந்தால் அந்த மாட்டின் நரம்புக்குள் ஆயுசுக்கும் குடியிருக்கும். காலி செய்யச் சொல்ல எந்த மருந்தாலும் முடியாது. அது சாலையைக் கடப்பதற்குள் ஊசி முந்திக்கொள்ள வேண்டும். இந்தக் குப்பி வீணானால் அடுத்தது வர ஒரு மாதம் ஆகும் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்தவள் ஒரு தவறு செய்திருந்தாள். தொப்பிக்காரர் “வாங்க, வாங்க” என்று வரவேற்ற அழகைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வந்த கையோடு மருந்துத் தூளில் திரவத்தைக் கலந்துவிட்டாள். கலந்த மருந்துக்கு ஆயுள் இரண்டு மணி நேரம். அதில் ஐம்பது நிமிடம் அவருடைய கேள்விகளுக்கே போயிருந்தது.

ஹெர்பிஸ் என்ற பெயரிலேயே அவர் கால் மணி நேரம் நின்றார். இந்தத் தெரு மாடுகளுக்கு அந்த மாதிரி சகவாசமெல்லாம் கிடையாது என்று உறுதியாகச் சொன்னார். காய்ச்சலில் மனிதருக்கு உதட்டில் கொப்புளம் வருமே, அதைக் கொண்டுவரும் கிருமிக்கு இது தூரத்துச் சொந்தம் என்றும், இது மாட்டோடு நின்றுவிடும், மனிதரிடம் வராது என்றும் அவள் விளக்கினாள். சொந்தம் என்றால் அம்மா வழியா, அப்பா வழியா என்று விசாரித்தார்.

ஊசி மருந்தில் இருப்பதும் அதே கிருமிதான், மரபணுவில் கை வைத்தது என்றதும் கேள்விகள் வரிசை கட்டின. பால் நிறம் மாறுமா? பிறக்கிற கன்று அம்மாவை அடையாளம் கண்டுகொள்ளுமா? பால் குடிக்கிறவனுக்கு வால் முளைக்குமா? கடைசிக் கேள்வியை அவர் சிரிக்காமல் கேட்டார். அவளும் சிரிக்காமல் பதில் சொன்னாள்.

“முளைக்காதுங்க. கிருமியோட மரபணுவுல ஒண்ணே ஒண்ணை வெட்டி எடுத்துட்டாங்க. அதனால நோய் குடுக்கற தெம்பு அதுக்கு இல்ல. மாட்டோட உடம்பு அதுகூட மோதி, சண்டை போடக் கத்துக்கும். அவ்வளவுதான்.”

“வெட்டினது எதுக்காவது உபயோகமா இருந்திருக்கும் இல்ல?”

“இருந்துச்சு. கிருமி சௌக்கியமா இருக்கறதுக்கு. அது சௌக்கியமா இருந்து நமக்கு என்னங்க ஆகணும்?”

தொப்பிக்காரர் முதல் முறையாகத் தலையாட்டினார். விட்டால் மறுபடி ஆரம்பித்துவிடுவார் என்று அவள் பிடித்துக்கொண்டாள். அந்த மரபணு இல்லாததில் இன்னொரு வசதியும் உண்டு. பின்னால் ரத்தத்தைப் பரிசோதித்தால் இது ஊசி போட்ட மாடு, இது நோய் கண்ட மாடு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். விற்கப் போனால் வாங்குகிறவர் முகம் சுளிக்க மாட்டார். விற்பது என்ற பேச்சு வந்ததும் இடுப்பிலிருந்த கைகள் கீழே இறங்கின.

ஒப்புதல் படிவத்தில் ‘பொறுப்பாளர்’ என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், முன்பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் கொஞ்ச நேரம் படித்தார்.

“இதுல எது உதைக்கும்?” என்று சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

“குத்தினாத் தெரிஞ்சுடும்.”

குத்துவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூன்றாவது மாடு அவளை விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்திருந்த அவரை உதைத்தது. ஏழாவது, அவர் தொப்பியை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒவ்வொரு ஊசிக்கும் அவர் குனிந்து மாட்டின் கண்ணை உற்றுப் பார்த்தார். ஏதாவது தெரிகிறதா என்று அவளிடமும் கேட்டுக்கொண்டார். மாடுகள் மேல் இவ்வளவு கரிசனம் வைத்த மனிதரை எரிச்சலோடு பார்த்தோமே என்று அவளுக்கு லேசாக வெட்கமாகக்கூட இருந்தது.

பதினொன்றும் முடிந்தபோது இன்னும் முப்பது நிமிடம் பாக்கி. குப்பியில் சரியாகப் பதினான்கு மாடுகளுக்கு மருந்து. கொஞ்சம் நடையை எட்டிப் போட்டால் முடித்துவிடலாம். அடுத்த கொட்டகைக்காரரை உடனே கூப்பிட முடியுமா, அவரும் நிறையக் கேள்வி கேட்பாரா என்று தயங்கித் தயங்கி விசாரித்தாள்.

“அந்தப் பதினாலும் என்னோடதுதான்” என்றார் தொப்பிக்காரர், பூட்ஸைக் கழுவிக்கொண்டே. “இது மச்சினனோடது, ஊருக்குப் போயிருக்கான், பார்த்துக்கச் சொன்னான், முதல்ல இதுங்களுக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு, அப்புறமா நம்மளுதைப் பத்தி யோசிக்கலாம் டாக்டரம்மா.”