ஜன்னலோர நாற்காலி

நூலகத்துக்கு மூன்று சமூக ஊடகப் பக்கங்கள் இருந்தன. எதையும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. "ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு உருப்படியா நடத்து. கூட்டம் வரலைன்னா உன் வேலை நிலைக்காது" என்று தற்காலிகப் பணியாளான அவள் தலையில் கட்டினார் நூலகர்.

வாசகர் முகம் படத்தில் தெரியக் கூடாது என்பது விதி. அதனால் தினமும் கதவைத் திறக்கும் முன் காலியான வாசிப்பறையைப் படமெடுத்துப் போட்டாள்.

"ஜன்னலோரம் உக்காந்து படிக்கிறது யாரு?" என்று படத்துக்குக் கீழே கேட்டுக் கேட்டே பக்கத்துக்கு ஆட்கள் பெருகினார்கள். அறையில் யாரும் இருந்ததில்லை. படத்தில் முதுகு காட்டி ஒருத்தி இருந்தாள். அவள் கொண்டையில் இவளுடைய உடைந்த கிளிப்.

"யாரும்மா அது?" என்றார் நூலகர்.

"நான்தான் சார்."

"அப்போ படம் எடுத்தது?"

"அதுவும் நான்தான்."

"நல்ல கூத்து. கூட்டம் வருதுல்ல, விடு."

ஒரு காலை, படத்திலும் நாற்காலி காலியாக இருந்தது. நூலகருக்குப் போன் செய்தாள்.

"நீயே போய் உக்காரு. இல்லைன்னா வேலைய மறந்துடு."

"வீட்டுலயே முதல் ஆளா பட்டம் வாங்கினது இந்த நாற்காலிய நிரப்பத்தான்" என்று முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். கதவு பூட்டியிருந்தது. போன் அவள் கையில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ படமெடுக்கும் சத்தம் கேட்டது.

முகம் தெரியக் கூடாது. அவள் திரும்பவில்லை.