கையை எடு

“இழுத்துப் புடி வரதா. நான் சொல்ற வரைக்கும் உடாதே,” என்று வண்டிக்கு அடியிலிருந்து உஸ்மான் கனி சொன்னார்.

டிரைவர் வரதன் வெளியே நின்றபடி கை பிரேக்கை இழுத்துப் பிடித்தான்.

1938. அம்பத்தூரில் அரிசி மில் திருவேங்கடத்தின் வீட்டு வாசல். ஷெட்டுக்கு ஏறும் சரிவில், பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து வண்டியை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய பந்தயக் கார். திருவேங்கடத்தின் மகன் ஒரு துரையிடம் வாங்கியது. அவன் பாரிஸ்டர் படிக்கச் சீமைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

முந்தின நாள் ஏரிக்கரை மேல் நின்ற அந்த வண்டி தானாக உருண்டது. கீழே மாடு ஓட்டிக்கொண்டு போன சின்னப்பையனின் கால் முறிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தசரதன் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லு பாய். பிரேக் எப்படி இருக்கு?”

“கம்பி தொளதொளன்னு கீது சாமி.”

“அதனால வண்டி ஓடியிருக்குமா?”

“ஓடினாலும் ஓடியிருக்கும்.”

“ஓடினாலும் ஓடியிருக்கும்னு கோர்ட்டுக்கு எழுத முடியாது. குத்தம் பிரேக் மேலயா, இவன் மேலயா?”

“நான் பிரேக்கு போட்டுட்டுதான் எறங்கினேன் சாமி,” என்றான் வரதன்.

“நீதான் ஓட்டினியா?”

“இந்த ஊட்ல வேற யாரு சாமி ஓட்டுவா?”

“ஒரு வருஷமா தொடாத வண்டியை நேத்து எதுக்கு எடுத்தே?”

“சும்மா கெடந்தா துரு புடிக்குமேன்னு...”

“துரு புடிக்கலை. ஒருத்தன் கால்தான் ஒடிஞ்சுது.”

திருவேங்கடம் பொறுமையிழந்தார். “என்னை ஒரு வார்த்தை கேக்காம எடுத்திருக்கான் சார். வெள்ளிக்கிழமை என் பொண்ணைப் பாக்க வர்றாங்க. வாசல்ல போலீஸ் நின்னா நல்லாவா இருக்கும்? இவனை இட்டுக்கினு போயிடுங்க.”

அவர் மகள் தாட்சாயிணி காபி டம்ளருடன் வந்தாள். இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“நீ உள்ளே போ,” என்றார் திருவேங்கடம்.

அவள் போகவில்லை. டம்ளரோடு தூண் ஓரமாக நின்றாள்.

உஸ்மான் கனி வெளியே தலையை நீட்டினார். பூந்தமல்லி பஸ்களுக்கெல்லாம் அவர்தான் ரிப்பேர் பார்ப்பவர். வரதனும் அவரும் ஒரே பஸ்ஸில் பத்து வருஷம் வேலை செய்தவர்கள்.

“சாமி, கம்பிய இறுக்கிக் குடுக்கறேன். இந்த மேட்டுல நிக்க வெச்சுப் பாருங்க. நின்னுச்சுன்னா, நேத்து தொளதொளன்னு கெடந்ததாலதான் ஓடுச்சுன்னு அர்த்தம்.”

தசரதன் யோசித்தார்.

“சரி. நின்னா, குத்தம் பிரேக் மேலன்னு எழுதிக்கிறேன். நிக்கலைன்னா உனக்கு வேலை தெரியலைன்னு ஆயிடும். உன் சாட்சி செல்லாது. இவன் ஆறு மாசம் உள்ளே போவான்.”

“நிக்கும் சாமி.”

அவர் மறுபடி அடியில் போனார். ஸ்பானர் கிறீச்சிட்டது.

“இதுக்கு மேல திருகினா கம்பி அறுந்துடும்,” என்று எழுந்து வந்தார். கையைத் துடைத்தபடி வரதன் காதருகே குனிந்தார். “இன்னாடா இப்படி வேர்க்குது உனக்கு? ஆம்பளை மாதிரி இழு.”

வரதன் கதவைத் திறக்கப் போனான்.

“உள்ளே உட்காராதே,” என்றார் தசரதன். “காலால மிதிச்சிட்டு, கையால நிறுத்தினேன்னு சொல்லுவே. வெளியே நின்னே போடு.”

வரதன் உள்ளே கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கை பிரேக்கை இழுத்துப் பிடித்தான்.

உஸ்மான் கனி வண்டியின் பின்னால் குந்தினார். சுத்தியலால் முட்டுக்கட்டையை இரண்டு தட்டுத் தட்டினார். கட்டை விலகியது.

வண்டி நின்றது.

“அல்லா!” என்று மூச்சு விட்டார் உஸ்மான் கனி. அங்கேயே முழங்காலிட்டு, கட்டையையும் சாமான்களையும் பொறுக்க ஆரம்பித்தார்.

தசரதன் பேனாவைத் திறந்தார். “நின்னுடுச்சு. சரி வரதா, கையை எடு.”

வரதன் கையை எடுத்தான்.

கை பிரேக் படக்கென்று பழையபடி கீழே சாய்ந்தது. வண்டி பின்னால் நகர்ந்தது.

“பாய்!” என்று வரதன் கத்தினான். கதவைப் பிடித்து இழுத்தான். வண்டி அவனையும் சேர்த்து இழுத்தது. உஸ்மான் கனி திரும்பினார். பின்சக்கரம் அவர் தோளுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. எழ முடியவில்லை.

டம்ளர் உருளும் சத்தம் கேட்டது.

தாட்சாயிணி மறுபக்கத்திலிருந்து பாய்ந்தாள். தாழ்ந்த கதவின் மேல் வயிறு பதியக் கவிழ்ந்து, கை பிரேக்கை இழுத்து, அதன் உச்சியிலிருந்த பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினாள். டக்கென்று ஒரு சத்தம். கையை எடுத்தாள்.

வண்டி அசையவில்லை. சக்கரத்துக்கும் உஸ்மான் கனிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

அவர் தரையிலிருந்தபடியே கேட்டார். “இன்னா பாப்பா பண்ணே?”

“இது பஸ் மாதிரி இல்ல பாய். இழுத்துட்டு, இந்தப் பட்டனை அமுக்கணும். அப்பதான் பூட்டிக்கும்.”

“பாப்பா, நீ உள்ள போம்மா,” என்று வரதன் கெஞ்சினான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

“நேத்து அமுக்க மறந்துட்டேன்.”