வாலில் இரண்டு வாய்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் கோயில் திரேசம்மா அக்கா. எழுபத்தெட்டாம் ஆண்டு, தவக்காலத்து வெள்ளியொன்றில், சிலுவைப்பாதை முடிந்து வரும் வழியில். 

அவவின் மகன் பற்றிக்குக் கொழும்பில் விமானம் திருத்துகிற வேலை. நாலு வருடத்துக்கு முந்தி ஒரு கடிதம் போட்டிருந்தான்.

"அம்மா, அறுபது பேர் ஏறுகிற புது ஜெட் ஒன்றை உங்கட பக்கத்துப் பழைய ஓடுபாதையில் இறக்கிப் பார்க்கப் போகினம். நானும் அதில வாறன்."

அந்த ஓடுபாதையை நினைத்தாலே அக்காவுக்குப் பயம். தவராசாதான் காரணம்.

வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே வேலை செய்த மனிதர். தனிக்கட்டை. விடியப்புறம் பனிப்புகாருக்குள் குனிந்தபடி ஓடுபாதையில் நடப்பார், கல் பொறுக்குவார். அந்தக் கற்கள் அவருடைய குடிலடியில் புதுப் புதைகுழி மாதிரிக் குவிந்து கிடக்கும்.

"செய்வினைக்காரன்" என்றது ஊர்.

ஜெட் வருவதற்கு முதல்நாள் அவர் அக்காவின் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

"பிள்ளை அதிலயோ வருது?"

"ஓம். உங்களுக்கென்ன?"

"பேப்பரில படம் பார்த்தனான் அம்மா. வாலடியில ரெண்டு வாய் இருக்கு. கண்டதையும் விழுங்கும். நாளைக்கு நான் வேளைக்கே போகவேணும்."

அக்கா அப்படியே ஓடுபாதை வாசல்காவல் ஸைனுலாப்தீன் நானாவிடம் ஓடினா.

"நானா, நாளைக்கு அந்தாளை உள்ளுக்கு விடாதேங்கோ. என்ர பிள்ளைக்குச் சாபம் போட்டிட்டுப் போறான்!"

"பயப்பிடாதீங்க தங்கச்சி. பூட்டுப் போட்டா ஈயும் போகாது."

விடிந்தும் விடியாமல் அக்கா செபமாலையோடு வாசலில் போய் நின்றா. பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே ஒரே பனிப்புகார்.

"நானா... அங்க பாருங்கோ."

ஓடுபாதையில் வெள்ளையாக ஏதோ நாலு காலில் ஊர்ந்தது. கரக், கரக் என்று ஒரு சத்தம்.

"மனிசனோ அது?"

நானா வாய்க்குள் ஓதத் தொடங்கினார். அது ஓடுபாதையின் அந்தம் மட்டும் ஊர்ந்து போய்ப் புகாருக்குள் மறைந்தது.

வெயில் ஏறியபின் ஜெட் வந்தது. முன்னுக்குச் சுழலுகிற காற்றாடி ஒன்றுமில்லை. கூவிக்கொண்டு இறங்கி, பாதி ஓடுபாதையிலேயே நின்றது.

பற்றிக் சிரித்தபடி ஓடி வந்தான்.

"ஆரம்மா ஓடுபாதையைத் துடைச்சு வைச்சது? ஒரு கல்லில்லை! கல்லுக்குப் பயந்துதான் எஞ்சினை உயரத்தில, வாலோட வைச்சிருக்கு. எண்டாலும் முன்சில்லு உருளேக்க எத்துற கல்லு அதுக்குள்ள போயிடும். எஞ்சின் வாய் கண்டதையும் விழுங்கும்!"

அக்காவின் கையில் செபமாலை அசையாமல் நின்றது.

நானா கடல் பக்கத்து முள்ளுக்கம்பி வேலியைப் பார்க்கப் போனார். அங்கே ஒரு சாக்கு நிறையக் கல் இருந்தது. கம்பியில் கிழிந்த வேட்டித் துண்டு ஒன்று, இரத்தத்தோடு.

அந்தக் கம்பிக் காயம் ஏற்புவலி ஜன்னியாகி, எட்டாம் நாள் தவராசா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அக்கா மன்னிப்புக் கேட்கப் போனவ. அவ வாய் திறக்க முந்தி அவரே கேட்டாராம்:

"பிள்ளை சுகமா இறங்கினதோ அம்மா?"

நீங்கள் எப்போதாவது அந்தப் பக்கம் போனால், காலில் தட்டுகிற கல்லைத் தாண்டிப் போகாதேங்கோ. எடுத்து ஓரமாய் வையுங்கோ.