ஜெனிட்டாவின் கை

நர்சிங் முடித்து எம்.எஸ்சி. சேராதவர்களுக்கு இனி எந்த வார்டிலும் வேலை இல்லை. சேருவதென்றால் தன் கைப்பக்குவத்தை ஊசி போடும் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். அதன்பின் தன் கையால் யாருக்கும் ஊசி போடக் கூடாது.

ஜெனிட்டா முடியாதென்றே இருந்தாள். அப்பாவுக்கு டயாலிசிஸ். நழுவி நழுவிப் போகும் அவர் நரம்பு அவள் ஒருத்தியின் கைக்குத்தான் அகப்படும்.

"எனக்காகப் படிப்ப விட்டுராத மக்களே. ஒருக்கா குடுத்துத்தான் பாரேன்," என்று அப்பா மகளை நச்சரித்தார்.

வேறு வழியில்லாமல், தன் கைப்பக்குவத்தைக் கற்ற இயந்திரம் அப்பாவுக்கே ஊசி போட்டுப் பார்க்கும் ஒரு சோதனைக்குச் சம்மதித்தாள். என்றைக்கு என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ஊசி என்றாலே அப்பா கண்களை இறுக மூடிக்கொள்வார். சோதனையன்றும் அவர் கண்களை மூடிய பிறகே இயந்திரம் அருகில் வந்தது. தோற்றுப்போ, தோற்றுப்போ என்று மனதுக்குள் மன்றாடியபடி ஜெனிட்டா கதவோரம் நின்றாள். வெதுவெதுப்பான ரப்பர் விரல்கள் அவர் கையைத் தடவின, மெல்லத் தட்டின, அவளைப் போலவே ஒரு கணம் தயங்கின. ஒரே குத்தில் ஊசி ஏறிவிட்டது.

அப்பா கண்ணைத் திறக்காமலே அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்கவே இல்ல மக்களே. நீ சாப்பிட்டியா?"

மறுப்பதற்கு அவளிடம் இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. குரல் தூரத்திலிருந்து வந்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவாரென்று ஓடிவந்து, அந்த விரல்களுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள்:

"சாப்பிட்டேன்பா."