பிரசீதாவுக்கு எந்த நாள் காலி?

திருச்சூரில் பதினாறு கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர்களுக்கு நிம்மி உருவாக்கிக் கொடுத்தது ஒரே இணையதளம்தான். ஆனால் ஒருவருடைய ஆர்டர் இன்னொருவர் கண்ணில் படாது.

“பிரசீதாவுக்கு எந்த நாள் காலின்னு மட்டும் காட்டு மோளே,” என்று மூன்றாவது தடவையாக வந்து நின்றார் சுதீஷ். அவரும் பிரசீதாவும் அந்தப் பதினாறு பேரில் இருவர்.

“முடியாது சேட்டா. அவங்க விவரம் தனி, உங்க விவரம் தனி.”

“ஒரே ஒரு நாள் போதும்.”

“எதுக்கு? அவங்க வாடிக்கையைக் கொத்திட்டுப் போகவா?”

சுதீஷ் நாற்காலியில் சாய்ந்தார். “ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் நாள் இருக்கு. எங்க கல்யாணத்துக்கு மட்டும் நாளே இல்லைங்கறா. ஆறு மாசமா கேட்கிறேன்.”

நிம்மிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அவங்க பக்கத்தை நான் திறக்க மாட்டேன். ஆனா அவங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற பக்கம் யாருக்கும் திறக்கும்.”

சுதீஷ் அங்கேயே உட்கார்ந்து நிரப்பினார். ஐந்நூறு இலை, இரண்டு பாயசம். மாப்பிள்ளை: சுதீஷ். பெண்: பிரசீதா. தேதி: உங்கள் வசதிப்படி.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது.

“ஓணம் கழிந்த இரண்டாம் ஞாயிறு காலி. ஆனால் அன்னிக்கு நான் கரண்டியைத் தொட மாட்டேன். சமையல் மாப்பிள்ளை பொறுப்பு.”